‘ஆஜராகவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

2020 மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, எங்கள் நீதிமன்றத்தின் வாராந்தரப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேராக மூன்றாவது முறையாக ‘ஆஜராகவில்லை’ என்று எழுதினேன். பக்கத்திலேயே ‘மீண்டும் போதைக்குத் திரும்பியிருக்கலாம்’ என்று என் ஊகத்தையும் சேர்த்தேன். ஐந்து நாள் கழித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அவருடைய அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். தெளிவாக இருந்தார். போனில் பணம் தீர்ந்திருக்கிறது, அடுத்த மாதம் பிறந்தால்தான் ரீசார்ஜ். வேலை போன வீட்டில் யாரிடம் கேட்பது என்று பேசாமல் இருந்திருக்கிறார். “நான் திரும்ப ஆரம்பிச்சுட்டேன்னு நினைச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் சுத்தமாக இருந்த மனிதர் அவர். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நான் வேலை பார்ப்பது நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில், பஃபலோ நகரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சின்னக் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி). நியூயார்க் என்றதும் மனதில் வரும் எதுவும் இங்கே கிடையாது. பால் பண்ணை, சோளக்காடு, நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் பனி. பல ஊர்களுக்கு பஸ்ஸே இல்லை. என் வேலைக்கு கேஸ் மேனேஜர் என்று பெயர். ஊரில் அம்மாவிடம் “கோர்ட்டில் வேலை” என்றால் வக்கீல் என்று நினைத்துக்கொள்வாள். வக்கீல் இல்லை. போதைப் பழக்கத்தால் வழக்கில் மாட்டியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு சிகிச்சையில் வைத்து, நீதிபதியே கூட இருந்து பார்த்துக்கொள்ளும் நீதிமன்றம் ஒன்று உண்டு. அதில் ஆட்களுக்கும் நீதிபதிக்கும் நடுவே ஓடுகிற ஆள் நான்.

இங்கே இவற்றைப் பொதுவாக ‘பிரச்சினை தீர்க்கும் நீதிமன்றங்கள்’ என்பார்கள். எங்களுடையது போன்ற போதை வழக்கு நீதிமன்றத்துக்கு ‘ட்ரக் கோர்ட்’ என்று பெயர். முதலாவது 1989இல் மயாமியில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க அப்படிப்பட்டவை 3,500க்கும் மேல். மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்குத் தனியாக உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான முதல் நீதிமன்றம் 2008இல் எங்கள் பக்கத்து பஃபலோவில்தான் தொடங்கியது. 2017இல் அதே ஊரில் ஓபியாய்டு (ஹெராயின், வலி மாத்திரை வகை) பழக்கத்தில் சிக்கியவர்களுக்கென்றே ஒன்று வந்தது. கைதான ஓரிரு நாளுக்குள் சிகிச்சையில் சேர்த்து, முதல் சில வாரங்களுக்கு அநேகமாகத் தினமும் நீதிபதி முன்னால் வரச் சொல்வார்கள். அபராதம் விதித்து அனுப்பிவிட்டால் அதே ஆள் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறார், வேரைப் பிடித்தால்தான் வழக்கு முடியும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வேரைப் பிடிக்கும் கருவி எது என்றால், நேரில் வருவதுதான். வாரம் ஒரு வாய்தா, கொஞ்சம் தேறியதும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. நீதிபதி ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று நிமிடமாவது பேச வேண்டும் என்பது இந்த நீதிமன்றங்களுக்கான தேசிய நெறிமுறையிலேயே இருக்கிறது. “மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா?” என்று கேட்பார். முப்பது நாள் சுத்தமாக இருந்தால் அரங்கமே கைதட்டும். அரசு வழக்கறிஞரும் தட்டுவார். வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கைதட்டல் வாங்காத ஆட்கள் பலர். அந்தச் சத்தம் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

2020 மார்ச் நடுவில், கொரோனாவால், அவசர வழக்குகள் தவிர எல்லாம் நின்றது. எங்கள் வழக்குகள் ‘அவசரம்’ என்ற கணக்கில் வரவில்லை. கட்டடம் பூட்டியது, கூட்டுச் சிகிச்சை நின்றது, சிறுநீர்ப் பரிசோதனை நின்றது, தேவாலயங்களின் அடித்தளத்தில் மாலைதோறும் நடக்கும் குடி மீட்புக் கூட்டங்களும் நின்றன. ஒரு மனிதனைப் பிடித்து வைத்திருந்த கயிறுகள் அத்தனையும் ஒரே வாரத்தில் அறுந்தன.

முதல் மூன்று வாரம் எங்களிடம் இருந்தது போன் மட்டும்தான். நாங்கள் இரண்டு பேர், 40 பேருக்கு மேல் பட்டியல். காலை எட்டுக்கு ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். சட்டத்தில் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. வேறு வழி தெரியாததால் செய்தோம். “சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா? இன்றைக்கு யாரிடமாவது பேசினீர்களா?” ஐந்து நிமிடம்தான். அதன் பிறகு எத்தனையோ மென்பொருள் வந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அந்தப் போன் அழைப்புதான் என்று உறுதியாகச் சொல்வேன். இதே மாதிரி வேலையில் இருக்கிறவர்கள் யாராவது படித்தால், எந்தச் செயலியை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் யார் யாரைத் தினமும் கூப்பிடப் போகிறார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் வீடியோ வாய்தா தொடங்கியது. முதலில் ஸ்கைப், பிறகு டீம்ஸ். முதல் நாள் இரைச்சல், எதிரொலி, யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அதெல்லாம் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எப்போதும் வராதவர்கள் வந்தார்கள்.

ஒருவர் பால் பண்ணையில் கூலி. குடித்துவிட்டு ஓட்டியதால் லைசென்ஸ் பறிபோனது. நீதிமன்றத்துக்கு 40 மைல், பஸ் கிடையாது. யாராவது காரில் கூட்டி வந்தால்தான் உண்டு. விடியற்காலையும் சாயங்காலமும் மாடு கறக்க வேண்டும். வழியில் வண்டி நின்றால் சாயங்காலக் கறவை போச்சு, வேலையும் போச்சு. 2019 முழுக்க அவர் பாதி வாய்தாவுக்கு வரவில்லை. ‘ஒத்துழைப்பு குறைவு’ என்று அவர் கோப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதே மனிதர் 2020 ஏப்ரலிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை. மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் மேல் போனை நிறுத்திவைத்து நீதிபதியிடம் பேசுவார். பின்னால் மாடு கத்தும். ஒரு நாள் நீதிபதி கன்றுக்குட்டியைக் காட்டச் சொன்னார். அதுவரை ‘யெஸ், யுவர் ஆனர்’ என்பதற்கு மேல் வாய் திறக்காதவர், அன்றைக்குக் கன்று எப்படிக் கால் மாறி வந்தது, எப்படிக் கயிறு கட்டி இழுத்தார்கள் என்று பத்து நிமிடம் பேசினார்.

அந்தச் சாயங்காலம் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ‘ஆஜராகவில்லை’ என்று எழுதிய இடங்களில் எத்தனை போதை, எத்தனை போக்குவரத்து என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல், பல சமயம் ஒரே தண்டனையும்கூட. அது எங்கள் தவறு.

ஆனால் போனிலிருந்து ஆஜராவதிலும் ‘போக்குவரத்து’ உண்டு என்பதை உணர எனக்கு அந்த மே மாத வியாழக்கிழமை வரைக்கும் ஆனது. எங்கள் ஆட்களில் பலர் வைத்திருந்தது அரசுத் திட்டத்தில் கிடைக்கும் போன். மாதத்துக்குச் சில ஜிபி டேட்டாதான். ஒரு மணி நேர வீடியோ கிட்டத்தட்ட ஒரு ஜிபியை விழுங்கும். வாரம் ஒரு வாய்தா, மூன்று கூட்டுச் சிகிச்சை. கணக்குப் போட்டால் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். மீதி மூன்று வாரம் அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? மூடிக் கிடந்த நூலகத்தின் வெளியே, வைஃபை எட்டும் இடத்தில் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்தபடி ஆஜரானவர்களைப் பார்த்திருக்கிறேன். கார் இல்லாத ஒருவர் பனித்தூறலில் நூலகச் சுவரில் சாய்ந்து நின்றார்.

அதன் பிறகு மூன்று காரியம் செய்தோம். வீடியோவைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கினோம். சாதாரணப் போனில் எண்ணை அழுத்திக் குரலில் மட்டும் வந்தாலும் முழு வருகை. (சில நீதிபதிகளுக்கு முகம் பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. எங்கள் நீதிபதி விட்டுக்கொடுத்தார்.) ஊர்க்கூடம், சிகிச்சை மையம், தீயணைப்பு நிலையம் என்று ஐந்தாறு இடங்களில் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு அறை, ஒரு கணினி, நல்ல இணைப்பு ஏற்பாடு செய்தோம். அப்புறம், ஒவ்வொருவரிடமும் போன் எந்த வகை, யாருடையது, மாதத்தில் எந்தத் தேதியில் டேட்டா தீர்கிறது, தீர்ந்தால் யார் மூலம் தகவல் சொல்வது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். இரண்டாவது தொடர்பு எண் இல்லாமல் இப்போது ஒரு கோப்பையும் நாங்கள் திறப்பதில்லை.

வாய்தாவுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஒரு போன். இது தற்செயலாக ஆரம்பித்தது. இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிட்டோம். ஆனால் முன்பு நீதிமன்றத்துக்கு வெளியே நடைபாதையில் நடந்தது இப்போது அந்தப் பதினைந்து நிமிடத்தில் நடந்தது. “உள்ளே இதைச் சொல்லாதீங்க, ஆனா…” என்று ஆரம்பிக்கும் பேச்செல்லாம் நடைபாதைப் பேச்சுதான். சுவர்களை எடுத்துவிட்டபோது அதுவும் போயிருந்தது. யாரும் அதை ஒரு சேவையாக எண்ணியதே இல்லை என்பதால், போனதையே கவனிக்கவில்லை.

அதைக் கவனிக்க வைத்தது ஒரு பெண். முன்பெல்லாம் நேரில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். வீடியோவில் வாராவாரம் சிரித்தபடி “எல்லாம் நல்லா இருக்கு” என்றாள். நானும் ‘முன்னேற்றம்’ என்று எழுதினேன். ஒரு நாள் அவள் பின்னால் இருந்த கண்ணாடியில், கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவளுக்கு நீதிமன்ற நாள் என்பது வாரத்தில் அந்த வீட்டை விட்டு வெளியே வரக் கிடைத்த ஒரே நாளாக இருந்திருக்கிறது. வசதி செய்கிறோம் என்று நினைத்து நாங்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டோம்.

அன்றிலிருந்து முன்னழைப்பில் முதல் கேள்வி, “அறையில் கூட யாராவது இருக்கிறார்களா?” என்பதுதான். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படிக் கேட்போம். பேச முடியாத நிலைமை என்றால் சொல்வதற்கு ஒரு சாதாரணச் சொல் முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். பக்கத்தில் நிற்பவருக்குச் சந்தேகமே வராத சொல்லாக அது இருக்க வேண்டும். அந்தச் சொல் வந்தால் அவரை ‘பரிசோதனைக்கு நேரில் வரவும்’ என்று உத்தரவு போட்டு வரவழைப்போம். வீட்டில் இருப்பவன் கோர்ட் உத்தரவைத் தடுக்க மாட்டான். அவளை அப்படித்தான் வெளியே கொண்டுவந்தோம்.

வழக்கறிஞரிடம் தனியாகப் பேசுவதும் இதே கதைதான். நேரில் என்றால் காதோடு காதாகச் சொல்லிவிடலாம். திரையில் காது ஏது? வாய்தாவின் நடுவே தனி அறைக்கு மாற்றிவிடும் வசதி மென்பொருளில் இருக்கிறது என்றாலும், ‘உண்மையிலேயே வேறு யாரும் கேட்கவில்லையா’ என்ற பயம் எங்கள் ஆட்களுக்குப் போகவே இல்லை. முதல் நாளே வழக்கறிஞர் தனியாகப் போனில் கூப்பிட்டுப் பேசிவிடுவதுதான் கைகொடுத்தது. போதைச் சிகிச்சை பற்றிய தகவலுக்கு இங்கே கூட்டாட்சிச் சட்டத்தில் கடுமையான ரகசியக் காப்பு உண்டு. யார் வேண்டுமானாலும் திரையைப் படம் பிடித்துவிடலாம் என்ற நிலையில் அதை எப்படிக் காப்பது என்பது எங்களுக்குத் தலைவலியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் நீதிபதி தன் வாயாலேயே பதிவு செய்யத் தடை என்று சொல்வார். முழுப் பெயரைத் திரையில் காட்டாமல் முதல் பெயரை மட்டும் வைத்தோம்.

சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பதிலாக எச்சில் குச்சியைத் தபாலில் அனுப்பினோம். கேமராவுக்கு முன்னால் வாயில் வைத்துக் காட்ட வேண்டும். சிறுநீரில் மூன்று நான்கு நாள் தெரிவது எச்சிலில் ஒன்றிரண்டு நாள்தான் தெரியும். தோலில் ஒட்டிவைத்து ஒரு வாரம் பத்து நாள் வியர்வையைச் சேகரிக்கும் பட்டையும் உண்டு, விலை அதிகம். இதிலெல்லாம் நான் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. தினமும் பேசுகிற ஆளின் குரல் மாறினால் குச்சி சொல்வதற்கு முன்னால் தெரிந்துவிடும்.

உயிர் காத்தது மருந்து விதிகள் தளர்ந்ததுதான். ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்தை எடுப்பவர்கள் சாதாரணமாக அநேகமாகத் தினமும் விடியற்காலையில் மையத்துக்குப் போய் நர்ஸ் கண்ணெதிரே குடித்துவிட்டு வர வேண்டும். 2020 மார்ச்சில் அதை மாற்றினார்கள். நிலையாக இருப்பவர்கள் 28 நாளுக்கும், மற்றவர்கள் 14 நாளுக்கும் மருந்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதே வேலைக்கான புப்ரெனார்ஃபின் மருந்தை மருத்துவரை நேரில் பார்க்காமல் போனில் பேசியே தொடங்கலாம் என்று அந்த மாதக் கடைசியில் அனுமதி வந்தது. எனக்குப் பயம்தான், விற்றுவிடுவார்களோ, மொத்தமாகக் குடித்துவிடுவார்களோ என்று. எங்கள் பட்டியலில் அப்படி நடக்கவில்லை. குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கிடைத்ததா என்று மட்டும் ஒவ்வொரு வீடாகக் கேட்டு உறுதி செய்துகொண்டோம். மெத்தடோன் தளர்வு 2024இல் நிரந்தர விதியாகிவிட்டது. பெருந்தொற்று விட்டுச் சென்ற நல்லவற்றில் இதை முதலில் வைப்பேன்.

இவ்வளவு செய்தும் இழப்பு இருந்தது. அமெரிக்காவில் 2019இல் போதை மருந்து மிகையால் இறந்தவர்கள் 70,630 பேர். 2020இல் 91,799 பேர். ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு பரவியது ஒரு காரணம், தனிமை இன்னொன்று. மூச்சு நின்றவருக்கு நலோக்சோனை மூக்கில் அடித்தால் எழுப்பிவிடலாம், ஆனால் அடிக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். எங்கள் பட்டியலிலும் ஒரு பெயர் போனது. அவரை முந்தின நாள் நான் கூப்பிட்டேன். “நல்லா இருக்கேன்” என்றார். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத மாட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நலோக்சோன் தபாலில் போனது, வீட்டில் இன்னொருவருக்கு அதை அடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனை வைப்போம்.

சிறைத் தண்டனை விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். முன்பு தொடர்ந்து பொய் சொன்னால், பரிசோதனைக்கு வராமல் ஏமாற்றினால் இரண்டு மூன்று நாள் கவுன்ட்டி ஜெயிலில் வைப்பது வழக்கம். தொற்றுக்குப் பயந்து ஜெயில்கள் ஆட்களைச் சேர்க்காததால் அது நின்றது. அது இல்லாமல் நீதிமன்றம் நடக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. நடந்தது. அதற்குப் பதிலாக நீதிபதி வாரம் ஒரு முறைக்கு இரண்டு முறை வரச் சொன்னார், கடிதம் எழுதி வாசிக்கச் சொன்னார். ஜெயிலைவிட அந்தக் கடிதம் பலரை அதிகம் அசைத்தது என்பது நான் கண்ணால் பார்த்தது.

கைதட்டலைத்தான் எங்களால் திரைக்குக் கொண்டுவர முடியவில்லை. எல்லோரும் ஒலியைத் திறந்து தட்டினால், மென்பொருள் ஒருவர் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அடக்கிவிடும். முப்பது பேர் தட்டுவது ஒருவர் தட்டுவது மாதிரிக் கேட்கும். நேரம் மிச்சமாகட்டும் என்று ஆளுக்குப் பத்து நிமிடம் தனித்தனியாக ஒதுக்கிப் பார்த்தோம். அது சரிப்படவில்லை. நம்மைப் போல் ஒருவர் தடுக்கி விழுந்து எழுந்ததை உட்கார்ந்து கேட்பது இதில் பாதி சிகிச்சை. ஆட்களே “எல்லோரையும் ஒன்றாக வையுங்கள்” என்று கேட்டார்கள். வைத்தோம். 2020 கோடையில் முடித்து வெளியேறியவர்களுக்கு நீதிமன்ற வாகன நிறுத்துமிடத்தில் விழா. குடும்பங்கள் காருக்குள், நீதிபதி அங்கியோடு வெயிலில், சான்றிதழ் நீட்டும்போது எல்லாக் காரும் ஹாரன் அடித்தது. பால் பண்ணைக்காரர் டிராக்டர் ஓட்டி வரலாமா என்று கேட்டார். லைசென்ஸ் இல்லாததால் முதலாளிதான் ஓட்டி வந்தார், இவர் பின்னால் டிரெய்லரில் நின்றபடி.

இப்போது எங்கள் கவுன்ட்டியில் முதல் கட்டத்தில் இருப்பவர்கள் நேரில் வர வேண்டும், வண்டிக்கு ஏற்பாடு எங்கள் பொறுப்பு. பிறகு அவரவர் நிலைமையைப் பார்த்து நேரிலோ தொலைவிலோ. யாருக்கு எது என்று ஆளைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம், அதுவும் தனியாக, நடைபாதையில் வைத்துக் கேட்கிறோம். படிவத்தில் ‘ஆஜராகவில்லை’ என்ற கட்டத்துக்கு மேலே இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: எத்தனை முறை கூப்பிட்டீர்கள், இரண்டாவது எண்ணில் யாரிடம் பேசினீர்கள், நேரில் யார் போய்ப் பார்த்தார்கள். அது நிரம்பாமல் கீழே எழுத முடியாது.

மே மாதத்தில் நான் தவறாக எழுதிய அந்த மனிதர் 2021இல் முடித்துவிட்டார். அக்கா வீட்டிலேயே இருக்கிறார். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக எங்களோடு வேலை செய்கிறார். நாளை வியாழன், மலைப்பக்கத்திலிருந்து ஒரு பையன் போனில் ஆஜராகிறான், ஒரு மணிக்கு. முன்னழைப்பு பன்னிரண்டே முக்காலுக்கு. கூப்பிடப் போவது அவர்தான்.